மூடிமேல் போட்ட வாய்க்கரிசி

மடுல்சீமை
2024 மார்ச் 3

தம்பி ரஜீவுக்கு,

சுகமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. கேட்க மனம் வரவில்லை, அதனால் கேட்கவில்லை.

உங்கள் நம்பரை என் போனில் ஏன் அடைத்து வைத்திருக்கிறேன் என்று உங்கள் அப்பாவிடம் கேட்டீர்களாம், மாமா சொன்னார். நீங்கள் கோல் எடுத்தால் இரண்டு வார்த்தை பேசுவீர்கள், பிறகு அழுவீர்கள், பிறகு லைன் போய்விட்டது என்பீர்கள். நான் இங்கே ஹலோ ஹலோ என்று கத்துவேன். லயத்தில் பக்கத்துக் காம்பிராக்காரர்கள் சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

மாசி பிறந்து உங்கள் அண்ணனின் பெட்டி வந்தது. மாமாவும் மற்றவர்களும் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்குப் போய் வேனில் ஏற்றி வந்தார்கள். பெட்டியைச் சுற்றித் தகரம், தகரத்தில் சீல். திறக்கக் கூடாது என்று காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கூட வந்த ஏஜென்சிக்காரர் அதையே வாயாலும் சொன்னார். நான் முகம் பார்க்கவேண்டும் என்றேன். "பாக்குற மாதிரி இல்லம்மா, ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்றார். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவரும் பார்க்கவில்லையாம்.

வாய்க்கரிசி போடும்போது மூடியின் மேல் போடச் சொன்னார்கள். மூடிக்கு வாயா இருக்கிறது? போட்டேன். அரிசி தகரத்தில் பட்டு உருண்டு கீழே விழுந்தது. ஒரு கோழி ஓடி வந்து கொத்தியது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன் தம்பி. புருஷன் செத்த வீட்டில் சிரித்தவள் என்று இப்போது எனக்குப் பெயர்.

கருமாதி அன்றைக்குத் தாலியைக் கழற்ற வந்தார்கள். விடவில்லை. முகம் பார்க்காமல், வாயில் ஒரு பிடி அரிசி போடாமல், யாரோ சொன்னார்கள் என்று எதற்காகக் கழற்ற வேண்டும்? காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் நிற்கும்போது பெண்கள் என் கழுத்தையே பார்க்கிறார்கள். கங்காணியும் பார்க்கிறார். பார்க்கட்டும்.

உங்களிடம் ஒரே கேள்விதான். குழாய்க்குள் கமெரா வண்டியை விட்டு அவரைத் தேடியது நீங்கள் என்று ஏஜென்சிக்காரர் சொன்னார். கடைசியாக அவரைப் பார்த்தவர் நீங்கள். நாங்கள் புதைத்த பெட்டியில் இருந்தது அவர்தானா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுதுங்கள், நான் கழற்றிவிடுகிறேன். சுற்றி வளைக்காதீர்கள்.

பதிலைத் தோட்டத்து ஆபீசுக்குப் போடாதீர்கள். அங்கே என் கைக்கு வருவதற்குள் நாலு பேர் படித்துவிடுவார்கள். லுணுகலையில் பாறூக் நானா கடை விலாசத்துக்குப் போடுங்கள். சாமான் வாங்கப் போகும்போது எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணி
தனுஜா


எரிவாயு ஆலை முகாம், ஓமான்
2024 மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டேன். மறுநாள்தான் பிரித்தேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

பெட்டியோடு நான் வராததற்குத் திட்டியிருப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. ஆனாலும் சொல்கிறேன். விசாரணைக்கு நான் சாட்சி. அது முடியும்வரை போகக் கூடாது என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கெஞ்சிப் பார்த்தேன்.

இங்கே என் வேலை என்னவென்று நான் உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. ஆலை முழுக்கக் குழாய்தான். தோட்டத்தில் தேயிலை எப்படியோ இங்கே குழாய் அப்படி, திரும்பும் இடமெல்லாம். வெளியே பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும், உள்ளே துரு தின்றிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஆலையை நிறுத்திவைத்து, குழாய்க்குள் கமெரா வண்டியை விடுவோம். ஒரு முயல் அளவுதான் இருக்கும். சக்கரங்கள், முன்னால் லைட்டும் கமெராவும், பின்னால் நீள வயர். நான் குழாய் வாயில் ஒரு கூடாரத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்து அதை ஓட்டுவேன். எந்த இடத்தில் தகடு மெலிந்திருக்கிறது, எங்கே வெல்டிங் வெடித்திருக்கிறது என்று அதில் தெரியும். மனிதன் உள்ளே போகாமல் இருப்பதற்காகத்தான் அந்த வண்டியையே செய்திருக்கிறார்கள்.

ஆனால் வண்டி போவதற்கு முன்னால் குழாயைச் சுத்தம் செய்ய மனிதன்தான் போகவேண்டும். அடியில் எண்ணெய்க் கசடு படிந்திருந்தால் சக்கரம் வழுக்கும். அண்ணன் அந்த வேலையில் இருந்தார், உங்களுக்குத் தெரியும். நான்தான் சேர்த்துவிட்டேன், அதுவும் தெரியும்.

அன்றைக்கு நான் வேறொரு குழாயில் இருந்தேன். அண்ணனோடு திலக் என்று ஒரு நேபாளத்துக்காரன் வேலை செய்தான். முந்தின நாள் உள்ளே விட்டு வந்த சுரண்டியை எடுக்க அவன் போயிருக்கிறான். துருப்பிடிக்காமல் இருக்க இரவில் அந்தக் குழாயில் நைட்ரஜன் விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நைதரசன் என்று படித்தோமே, அதுதான். அதை முழுக்க வெளியேற்றாமலே குழாய் வாயைத் திறந்து வைத்துவிட்டார்கள். மணம் இல்லை, நிறம் இல்லை, அதற்குள் மூச்சுவிட முடியாது என்று யாருக்கும் தெரியாது. திலக் திரும்பவில்லை. அண்ணன் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு அவரும் உள்ளே போய்விட்டார்.

மூச்சுக்கருவி இல்லாமல் இனி ஒருவரும் போகக் கூடாது என்று மற்றவர்களைத் தடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். எவ்வளவு தூரத்தில் கிடக்கிறார்கள் என்று பார்க்க வண்டியை விடச் சொன்னார்கள். விட்டேன்.

வலி இருந்திருக்காது அண்ணி. டாக்டர் சொன்னார். இரண்டு மூச்சுதானாம், தூக்கம் வருகிற மாதிரி.

அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? கம்பளிச் சட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன்.

உங்கள் கொழுந்தன்
ரஜீவ்


மடுல்சீமை
2024 ஏப்ரல் 17

தம்பிக்கு,

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொன்ன கதையாக இருக்கிறது உங்கள் கடிதம். வண்டி முயல் அளவா மாட்டளவா என்று நான் கேட்டேனா? துருவைப் பற்றிக் கேட்டேனா? மாமாவின் இருமல் இருந்த மாதிரியே இருக்கிறது. நான் கேட்டதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. "விட்டேன்" என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் டாக்டரிடம் ஓடிவிட்டீர்கள்.

வலி இல்லை என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். செத்துத் திரும்பி வந்தவன் எவனும் சொல்லவில்லை.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். பெட்டியோடு ஒரு பேக்கும் வந்தது. தொட மனமில்லாமல் ராக்கையின் மேல் போட்டிருந்தேன். சித்திரை வருஷத்துக்கு எங்களுக்குக் கொண்டாட்டம் இல்லை என்றாலும் காம்பிராவைக் கழுவத்தானே வேண்டும், அப்போது இறக்கித் திறந்தேன். இடுப்பில் கட்டுகிற சாரம் இரண்டு, சவர சாமான், ஒரு துவாய், ஒரு சோடிச் சப்பாத்து. சாரமும் துவாயும் அவருடையதுதான், நான் வாங்கிக் கொடுத்தது. சப்பாத்து அவருடையது இல்லை.

உங்கள் அண்ணனுக்கு ஆறாம் நம்பர். கல்யாணத்துக்குச் சப்பாத்து வாங்கப் பதுளையில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற சப்பாத்தை வாங்கி மாட்டிக்கொண்டு வந்து நின்ற மாப்பிள்ளை அவர். இதில் ஒன்பது என்று போட்டிருக்கிறது. மாமா காலை விட்டுப் பார்த்தார். உள்ளே இன்னொரு காலும் வைக்கலாம் போல இருந்தது. அவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து, "அவசரத்துல மாத்திப் போட்டிருப்பாங்க, விடு புள்ள" என்றார்.

சப்பாத்தை மாற்றி அனுப்பியவர்கள் வேறு எதை மாற்றி அனுப்பினார்கள் தம்பி? அந்தக் குழாயில் கிடந்தவர்கள் இரண்டு பேர். புறப்பட்ட பெட்டியும் இரண்டு. அதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியும், யோசிக்கத்தான் பயமாக இருக்கிறது.

எனக்குக் கம்பளிச் சட்டை வேண்டாம், ஆறுதல் வேண்டாம். திரையில் நீங்கள் என்ன பார்த்தீர்கள்? அதன் பிறகு அவர் முகத்தைப் பார்த்தீர்களா? இந்த இரண்டுக்கும் பதில் எழுதினால் எழுதுங்கள். இல்லாவிட்டால் இனிமேல் எழுதாதீர்கள், அண்ணி என்று ஒருத்தி இருந்ததை மறந்துவிடுங்கள்.

தனுஜா


எரிவாயு ஆலை முகாம், ஓமான்
2024 மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்லிவிடுகிறேன்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது முதலில் பார்த்தது அண்ணனின் சப்பாத்தைத்தான். குழாய் வாய்க்கு வெளியே, பக்கத்தில் பக்கத்தில், கோயில் வாசலில் கழற்றி வைத்த மாதிரி இருந்தது. இங்கே எவனும் சப்பாத்தைக் கழற்ற மாட்டான். கழற்றக் கூடாது என்பது முதல் சட்டம். நம்முடைய பழைய ஃபேக்டரிக்குத் தண்ணீர் வந்த டர்பைன் குழாய்க்குள் சின்ன வயதில் நாங்கள் ஏறுவோம். பாசி வழுக்கும், வெறுங்காலில் போனால்தான் விரலை ஊன்றி ஏறலாம் என்று எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். உள்ளே ஒருவன் கிடக்கிறான் என்றதும் அந்தப் பழக்கம்தான் அவருக்கு வந்திருக்கிறது. விசாரணையில் அதைக் குற்றமாக எழுதியிருக்கிறார்கள். பாதுகாப்புச் சப்பாத்து இல்லாமல் நுழைந்தார் என்று.

அதனால் திரையில் தெரிந்தது வெறுங்கால். உள்ளங்கால் இரண்டும் வண்டியின் பக்கம் பார்த்து இருந்தன. இடது காலில் சுண்டுவிரல் இல்லை. கவ்வாத்துக் கத்தி பட்டுப் போன விரல். அண்ணன்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அவருடைய உடம்பு குழாயை அடைத்துக்கொண்டு கிடந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

சக்கரம் காலில் தொடும்வரை வண்டியை ஓட்டினேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். அண்ணனுக்கு உள்ளங்காலில் எவ்வளவு கூச்சம் என்று உங்களுக்குத் தெரியுமே. தொட்டால் காலை இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். தொட்டேன், மறுபடியும் தொட்டேன். இழுக்கவில்லை.

மீட்கிறவர்கள் வரும்வரை லைட்டை அணைக்காமல் வைத்திருக்கச் சொன்னார்கள். வைத்திருந்தேன். அவ்வளவு நேரமும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் வண்டியை எந்தக் குழாயில் விட்டாலும் திரையில் முதலில் அதுதான் வருகிறது. வேலையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை.

அவர்கள் மறுபக்கத்து வாயால் நுழைந்து, இரண்டு பேரையும் அந்தப் பக்கமாகவே எடுத்துவிட்டார்கள். நான் சுற்றி ஓடிப்போவதற்குள் அம்புலன்ஸ் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு என்னை விடவில்லை. பெட்டி புறப்பட்டதே எனக்குப் பிறகுதான் தெரியும். திலக்கின் பெட்டியும் அதே கிழமையில் நேபாளம் போனது. சப்பாத்து ஒன்பது என்றால் அது திலக்குடையதாகத்தான் இருக்கவேண்டும், அவன் உயரமான ஆள்.

முகத்தை நான் பார்க்கவில்லை அண்ணி. ஒரு தடவையும் பார்க்கவில்லை. அண்ணன் செத்துப்போனார் என்பதற்கு நான் சாட்சி சொல்வேன். நீங்கள் புதைத்தது அவரைத்தானா என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

ரஜீவ்


மடுல்சீமை
2024 ஜூன் 9

தம்பிக்கு,

உள்ளங்கால் கூச்சத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் நான் பெரட்டுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டேன். மாமா கஞ்சி வைத்துக் கொடுத்தார். உங்களை அதட்டி எழுத வைத்துவிட்டேனே என்றிருந்தது. ஆனாலும் எழுதியது நல்லது. இவ்வளவு நாளும் எங்கேயாவது உயிரோடு இருக்கிறாரோ என்று ஒரு கள்ள நினைப்பு எனக்குள் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தாலியைப் பிடித்துக்கொண்டிருந்ததே அதற்காகத்தான் என்று இப்போது தெரிகிறது. அது போய்விட்டது.

இப்போது மிச்சம் இருப்பது மண்ணுக்குள் யார் என்பதுதான். பதுளைக்குப் போய் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தேன். குழியைத் திறந்து பார்க்க நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறோம். அடுத்த மாதக் கடைசியில் விசாரணை.

மாமா இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "பொதைச்ச மண்ண கிளறுன குடும்பம் வெளங்காது. ஏன் புள்ள இப்புடி அடம் புடிக்கிற?" என்றார். அந்தக் குடும்பம் இப்போது மட்டும் என்ன விளங்கிக்கொண்டிருக்கிறது என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோற்றை வைத்தால் சாப்பிடுகிறார், தட்டைக் கழுவி வைக்கிறார், போய்ப் படுத்துக்கொள்கிறார். லயத்தில் என்னைப் பேய் பிடித்தவள் என்கிறார்கள்.

எனக்கு முகம்கூட வேண்டாம். இத்தனை மாதத்துக்குப் பிறகு முகம் எங்கே இருக்கப்போகிறது. இடது காலை மட்டும் காட்டினால் போதும் என்று சட்டத்தரணியிடம் சொல்லியிருக்கிறேன். அவர் எழுதிக்கொண்டார்.

நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அண்ணி


எரிவாயு ஆலை முகாம், ஓமான்
2024 ஜூலை 7

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை வீட்டில் போய்ப் படியுங்கள். கடையில் நின்று படிக்காதீர்கள். உங்கள் மனு விசாரணைக்கு வருவதற்கு முன் இது கிடைக்கவேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். கோலில் சொல்லலாம் என்று அப்பாவின் போனுக்கு எடுத்தேன், அவர் குரலைக் கேட்டதும் வாய் வரவில்லை.

எங்கள் மெஸ்ஸில் சமையலுக்கு நிற்கும் மான் பகதூர் திலக்கின் மாமா மகன். திலக்கின் பெட்டியோடு ஊருக்குப் போனவன் நீண்ட லீவு முடிந்து போன கிழமைதான் திரும்பி வந்தான். எனக்கு ரொட்டி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேருக்கும் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் பேசிக்கொண்டோம். உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டான். நானும் அவன் வீட்டைப் பற்றிக் கேட்டேன்.

அங்கேயும் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். திலக்கின் தாய் கேட்கவில்லையாம். பெட்டியின் மேல் விழுந்து கிடந்திருக்கிறார். முகத்துப் பக்கம் திறக்கும்படி இல்லை என்று, கடைசியில் கால்மாட்டை மட்டும் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அத்தை காலைப் பிடித்துப் பார்த்தார் ரஜீவ் பாய். இடது காலில் சுண்டுவிரல் இல்லை. விரல் போனதைக்கூட அம்மாவிடம் சொல்லாமல் மறைத்துவிட்டாயே, எப்படி வலித்திருக்கும் என்று அந்த விரல் இருந்த இடத்தையே தடவித் தடவி அழுதார். அதைப் பார்க்கத்தான் எங்களுக்குத் தாங்கவில்லை. இங்கே எப்போது அவனுக்கு விரல் போனது? உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன் அண்ணி. ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவி, மஞ்சள் துணி போர்த்தி, ஆற்றங்கரையில் எரித்துச் சாம்பலை ஆற்றில் விட்டிருக்கிறார்கள்.

மான் பகதூர் தினமும் எனக்குச் சாப்பாடு வைக்கிறான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் தட்டை நீட்டுகிறேன். சொல்லிவிடவா? சொன்னால் அந்தத் தாய்க்கு என்ன ஆகும்? சொல்லாவிட்டால் அவருடைய பிள்ளை நம்முடைய மண்ணில் அண்ணனின் பெயரோடு கிடப்பான். கொம்பனிக்குச் சொன்னால் அவர்களே குழியைத் திறக்க வைப்பார்கள், பெட்டி நேபாளம் போகும். எது நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. உண்மை வேண்டும் என்று கேட்டது நீங்கள். அதனால் நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

ரஜீவ்


மடுல்சீமை
2024 ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பிக்கு,

கடையில் நின்று படிக்காதே என்றால் கடையில் நின்றுதான் படிப்பேன் என்று உங்களுக்குத் தெரியாதா? படித்து முடித்தபோது நான் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. பாறூக் நானா ஒரு பிளேன்டீ ஊற்றி வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, சாமான் வாங்க வந்தவர்களை மற்றப் பக்கமாகக் கூட்டிப் போனார்.

முதலில் எனக்கு வந்தது பொறாமை. அந்தம்மா மேல் அப்படி ஒரு பொறாமை. நான் தொட வேண்டிய காலை அவர் தொட்டுவிட்டார். வேலை முடிந்து வந்து கழுவாமல் காம்பிராவுக்குள் ஏறுகிறார் என்று தினமும் நான் சண்டை பிடித்த கால் அது. கடைசியில் யாரோ கழுவி அனுப்பியிருக்கிறார்கள், எனக்கு ஒரு கோழிதான் மிச்சம். பஸ்ஸில் வரும்போது வாய்விட்டு அழுதேன். கண்டக்டர் காசு கேட்காமல் போய்விட்டார்.

மாமாவிடம் அன்றைக்கே சொன்னேன். மறைக்க முடியவில்லை. "அப்ப நாம யார் புள்ளைய பொதைச்சோம்?" என்று கேட்டார். திலக் என்றேன். அந்தப் பெயரை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். பெட்டி வந்தபோது அழாத மனிதர் அப்போதுதான் அழுதார். தன் மகனுக்காகவா அந்தப் பிள்ளைக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. பிறகு என்னைப் பார்த்து, "நீ சொன்னது சரிதான் புள்ள" என்றார். சரியாக இருந்து என்ன செய்ய.

அழுது முடித்தபோது அவர்தான் விரல் போன கதையைச் சொன்னார். உங்கள் அண்ணனுக்கு அப்போது பதினேழு வயதாம். உங்கள் அம்மா அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாராம். இரத்தம் சொட்ட வந்தவனை, கவனமில்லாமல் வேலை செய்தான் என்று கங்காணி ஏசி அனுப்பினாராம். மாமாவும் இரண்டு வார்த்தை ஏசினாராம். உங்கள் அண்ணனுக்காக ஒருவரும் அழவில்லை. நீங்களும் சின்னப் பிள்ளை. அந்த விரலுக்காக யாரோ ஒரு தாய், எந்த நாட்டிலோ, தடவித் தடவி அழுதிருக்கிறாள். தன் பிள்ளை என்று நினைத்துத்தான் அழுதாள், இருக்கட்டும். அழுதது உங்கள் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு.

நான் கேட்ட உண்மை கிடைத்துவிட்டது தம்பி. கிடைத்த பிறகு எனக்குப் பெட்டியும் இல்லை, சாம்பலும் இல்லை. அந்தம்மாவுக்கு அந்த ஆற்றங்கரையாவது இருக்கிறது. அதையும் போய்ப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. நீங்களாகப் போய் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஆனால் மான் பகதூரோ அந்தம்மாவோ என்றைக்காவது சந்தேகப்பட்டுக் கேட்டால் மறைக்காதீர்கள். தெரியாமல் கிடந்து வேகிறது எப்படி என்று எனக்குத் தெரியும். கேட்டால், பிள்ளை மடுல்சீமையில் பத்திரமாக இருக்கிறான், வந்து பார்க்கலாம், கூட்டிப் போவதென்றாலும் போகலாம் என்று சொல்லுங்கள். நான் செய்வது பாவமாக இருந்தால் அது என் தலையில் விடியட்டும். உங்கள் தலையில் வேண்டாம், நீங்கள் பார்த்ததே போதும்.

விசாரணைக்கு முதல்நாள் பதுளைக்குப் போய் மனுவை வாபஸ் வாங்கினேன். சட்டத்தரணி ஏன் என்று கேட்டார். பார்க்க வேண்டியதை வேறொருவர் பார்த்துவிட்டார் என்றேன். அவருக்கு விளங்கவில்லை, பைத்தியம் என்று நினைத்திருப்பார். தாலியையும் கழற்றிவிட்டேன். யாரையும் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை பெரட்டுக்குப் போகும் முன்னால் நானே கழற்றி மாமா கையில் கொடுத்தேன். உங்கள் நம்பரையும் திறந்துவிட்டிருக்கிறேன். அழுதாலும் பரவாயில்லை, லயம் கேட்டுவிட்டுப் போகட்டும்.

அந்தக் குழாய் வேலையை விட்டுவிட்டு வரமுடிந்தால் வந்துவிடுங்கள். உங்கள் அண்ணனை உங்களால் திரும்பக் கொண்டுவர முடியாது என்று எனக்குத் தெரியும். நான் உங்களைக் கோபித்தது உண்மை. இப்போது அந்தக் கோபத்தைத் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

இன்னொன்று. புரட்டாசி அமாவாசைக்குக் குழிமேட்டில் படையல் வைக்கப்போகிறோம். மாமா மேட்டைச் சுற்றிப் புல் வெட்டிச் சுத்தம் செய்துவிட்டார், வாய்க்கரிசியும் அன்றைக்கு மண்ணில் போடுவோம். உங்கள் அண்ணனுக்கு என்றால் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் உருளைக்கிழங்கும் வைத்தால் போதும். இனிப்பைத் தொடமாட்டார். அங்கே அந்தம்மா என்ன வைக்கிறார்களோ. குறை சொல்லாமல் சாப்பிட்ட மனிதரா அவர்? ஆனால் பிறத்தியார் வீட்டில் நல்ல பிள்ளைதான், எதை வைத்தாலும் சாப்பிடுவார்.

எங்களிடம் இருக்கிற பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்றுதான் தெரியவில்லை. மான் பகதூரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டு, எப்படிச் சமைப்பது என்றும் கேட்டு எழுதுங்கள். அமாவாசைக்கு முன்னால் கிடைக்கவேண்டும்.

அண்ணி
தனுஜா